ரோம் நகரை அடுக்கடுக்காகப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு நாள் நடைவழி

ஃபியூமிசீனோ விமான நிலையத்திலிருந்து ரோம் நகருக்குள் வரும் வெள்ளை டாக்சிகளுக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு. அது எந்த எல்லைவரை செல்லும் என்பதை முடிவுசெய்வது சுற்றுச்சாலையோ வார்டு எல்லையோ இல்லை. கி.பி. 271இல் ஔரேலியன் என்ற பேரரசர் கட்டத் தொடங்கிய மதில்தான் எல்லை. உங்கள் விடுதி அந்த மதிலுக்கு உள்ளே இருந்தால் ஒரே கட்டணம், வெளியே இருந்தால் கணக்கு வேறு. படையெடுப்பைத் தடுக்க எழுப்பிய 19 கிலோமீட்டர் சுவர் இன்று டாக்சிக் கூலியைத் தீர்மானிக்கிறது.

ரோமின் ஆச்சரியங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இங்கே பழையதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததைவிட, வேறொரு வேலைக்குத் திருப்பிவிட்டதே அதிகம். அதனால் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அன்று தரை எந்த மட்டத்தில் இருந்தது? இங்கிருந்த கல்லும் உலோகமும் எங்கே போயின? கையேடு இல்லாமலே பாதி ஊர் புரிந்துவிடும். கீழே உள்ள வழி அந்த இரண்டு கேள்விகளை வைத்தே அமைந்தது.

வந்து இறங்கியதும்

ஃபியூமிசீனோவிலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில், எங்கும் நிற்காமல் போகும். டிக்கெட் 14 யூரோ. அதே பிளாட்பாரங்களிலிருந்து எஃப்எல்1 என்ற சாதாரண ரயிலும் கிளம்பும், 8 யூரோதான். ஆனால் அது தெர்மினிக்குப் போகாது. திராஸ்தெவெரே, ஒஸ்தியென்ஸே வழியாக திபுர்தினா நிலையத்துக்குப் போய்விடும். விலையைப் பார்த்து அதில் ஏறி, தெர்மினி வரவில்லையே என்று தேடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. விடுதி திராஸ்தெவெரே பக்கம் என்றால் அதுவே சரியான ரயில்.

நகருக்குள் பேருந்து, டிராம், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட்: 1.50 யூரோ, 100 நிமிடம். அந்த நேரத்துக்குள் பேருந்து எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோவில் ஒரு பயணம் மட்டும். காகித டிக்கெட்டைப் பேருந்துக்குள் இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் போடுவார், "தெரியாது" என்றால் கேட்கமாட்டார். பணத்தைத் தொடாமல் வங்கி அட்டையைக் காட்டிப் போவதே சுலபம். தெர்மினி மெட்ரோவிலும், வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்திலும் ஜேப்படி அதிகம்; முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

விடுதியில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாகக் கேட்பார்கள். முன்பதிவில் நீங்கள் கட்டிய தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஏமாற்று என்று நினைத்துச் சண்டைபோட வேண்டாம்.

பையில் வேண்டியவை: அரை லிட்டர் காலி பாட்டில், தோளை மூட ஒரு துண்டு அல்லது சால்வை, ஒரு யூரோ, ஐம்பது சென்ட் சில்லறைகள். காலணி தட்டையாகவும் அடி தடிப்பாகவும் இருக்கட்டும். தெருவெங்கும் பதித்திருக்கும் கருங்கல் கட்டிகள் மழையில் வழுக்கும், இடைவெளிகளில் குதிகால் சிக்கும்.

காலி பாட்டில் எதற்கென்றால், 1874 முதல் ரோம் தெருக்களில் வார்ப்பிரும்புக் குழாய்த்தூண்கள் நிற்கின்றன, இன்று ஏறத்தாழ 2,500. இடுப்புக்குச் சற்று மேல் உயரம், வளைந்த மூக்கு போன்ற குழாய், எப்போதும் ஓடும் குளிர்ந்த குடிநீர். குனிந்து வாய்வைக்க வேண்டாம். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேல்வளைவில் உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் மேலே பீய்ச்சும், நின்றபடியே குடிக்கலாம். முழுவிசையில் அடைத்தால் சட்டை நனையும், பாதி அடைத்தால் போதும். தூணின் உடம்பில் எஸ்.பி.கியூ.ஆர். (ரோமின் செனட்டும் மக்களும்) என்ற நான்கு எழுத்தைப் பாருங்கள். பண்டை ரோமானியக் குடியரசின் அதே முத்திரையைச் சாக்கடை மூடிகளிலும் காணலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் இலவசம். இலவசம் என்பதாலேயே கொலோசியத்தில் அன்று நிற்க இடம் இருக்காது. பணம் மிச்சம், நாள் நஷ்டம். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. சிறிய தேவாலயங்கள் பல நண்பகலில் மூடி, மூன்று அல்லது மூன்றரைக்குத்தான் திறக்கும். காலையில் தேவாலயம், மதியத்தில் திறந்தவெளி இடிபாடு என்று திட்டமிட்டால் அடைத்த கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியிராது. ஆகஸ்ட் 15 வாக்கில் உள்ளூர்க்காரர்களே ஊரில் இருக்க மாட்டார்கள், நல்ல சாப்பாட்டுக் கடைகளும் மூடியிருக்கும்.

கொலோசியம் டிக்கெட் அதிகாரபூர்வ தளத்தில் 30 நாள் முன்பு விற்பனைக்கு வரும். உங்கள் பெயரிலேயே அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பெயர் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பண்டை ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும், பக்கத்துப் பாலத்தீன் குன்றும் அதே டிக்கெட்டில் அடக்கம். வாசலில் "வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறேன்" என்று வருபவர்களையும், போர்வீரர் வேடத்தில் படமெடுக்க அழைப்பவர்களையும் கடந்து போய்விடுங்கள். இரண்டாமவர் முதலில் சிரிப்பார், பிறகு பணம் கேட்பார்.

முதல் நாள்: மேலிருந்து கீழே

மெட்ரோ சி தடத்தில் சான் ஜொவான்னி நிலையத்தில் தொடங்குங்கள். ரோமில் சுரங்கம் தோண்டினால் இரண்டாயிரம் ஆண்டு வெளியே வரும். இந்தத் தடம் இழுத்துக்கொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2018இல் திறந்த இந்த நிலையத்தில், தோண்டும்போது கிடைத்த பொருள்களை அங்கேயே வைத்திருக்கிறார்கள். நகரும் படிக்கட்டில் இறங்க இறங்க, நீங்கள் எத்தனை மீட்டர் ஆழத்தில், எந்தக் காலத்து மண்ணில் இருக்கிறீர்கள் என்று சுவரிலேயே குறித்திருக்கும். 1.50 யூரோவுக்கு இவ்வளவு நல்ல அருங்காட்சியகம் ஊரில் வேறில்லை. முதலில் இதைப் பார்த்தால் அடுத்து வருபவை எல்லாம் எளிதில் பிடிபடும்.

மேலே ஏறி, நகர வாயிலைத் தாண்டினால் லாத்தரன் பேராலயம். ரோமின் தலைமைத் தேவாலயம் வத்திக்கானின் புனித பேதுரு ஆலயம் என்றே பலரும் நினைக்கிறார்கள், இதுதான் அது. முகப்பின் நடுவில் பெரிய வெண்கலக் கதவுகள் இருக்கும். அவை தேவாலயத்துக்காகச் செய்தவை அல்ல. ஃபோரத்தில் ரோமானிய செனட் கூடிய மண்டபத்தின் கதவுகள். 17ஆம் நூற்றாண்டில் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். மதியம் அந்த மண்டபத்துக்கே போகப்போகிறீர்கள், நினைவில் வையுங்கள்.

ஆலயத்தின் பக்கவாட்டுச் சதுக்கத்தில் நிற்கும் ஒபெலிஸ்க், எகிப்தின் கர்னாக் கோயிலிலிருந்து வந்த ஒற்றைக்கல் கூர்ந்தூண். பீடம் நீங்கலாகவே 32 மீட்டர், நிற்கும் எகிப்திய ஒபெலிஸ்க்குகளில் மிகப் பெரியது. கி.பி. 357இல் இதை ரோமின் தேரோட்டக் களத்தில் நட்டார்கள். பிறகு எப்போதோ விழுந்து மண்ணுக்குள் போனதை 1587இல் மூன்று துண்டாகத் தோண்டியெடுத்து, மறு ஆண்டு ஒட்டி நிறுத்தினார்கள். நகரில் இப்படிப் பழங்கால ஒபெலிஸ்க்குகள் மொத்தம் 13.

அங்கிருந்து வியா தி சான் ஜொவான்னி இன் லாத்தரனோ தெருவில் கீழ்நோக்கி நடந்தால் சுமார் பத்து நிமிடத்தில் சான் கிளமென்தே தேவாலயம் வரும். வெளியே ஒன்றும் விசேஷமாகத் தெரியாது, பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் கொலோசியத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டு ஆலயம், நுழைவு இலவசம். டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டு ஆலயம். இன்னும் இறங்கினால் 1ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், அவற்றுக்கிடையே மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட, கல் திண்ணைகளோடு கூடிய இருண்ட அறை. அடித்தளத்தில் நின்று பேச்சை நிறுத்தினால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். 1857இல் அயர்லாந்துத் துறவி ஒருவர் தரையைத் தோண்டத் தொடங்கும்வரை, கீழே இன்னோர் ஆலயம் இருப்பதே மேலே வழிபட்டவர்களுக்குத் தெரியாது.

நடு அடுக்கில் ஒரு சுவரோவியத்தைத் தேடுங்கள். வேலைக்காரர்கள் கயிறு கட்டி ஒரு தூணை இழுக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அது ஒரு புனிதராகத் தெரிகிறது. எஜமானன் அவர்களை விரட்டும் சொற்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலத்தீனில் அல்லாமல் தெருவில் பேசிய மொழியில் எழுதியது. இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றான அந்த வரி, தாயைப் பழிக்கும் பச்சை வசவு. தேவாலயச் சுவரில்! கீழ் அடுக்குகளில் படமெடுக்க விடமாட்டார்கள், ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும், மாடிப்படி செங்குத்தானது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நண்பகலில் மூடுவதால் காலை பதினொன்றுக்குள் உள்ளே இருப்பது நல்லது.

அதே தெரு கொலோசியத்தில் கொண்டுபோய் விடும். உள்ளே போகுமுன் வெளிச்சுவரைக் கூர்ந்து பாருங்கள்: கல்லெங்கும் கைநுழையும் அளவுக்குக் குழிகள். இவை குண்டு பட்ட தழும்புகள் அல்ல. கற்களுக்கிடையே சாந்து பூசாமல் இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தார்கள். அந்த இரும்பு ஏறத்தாழ 300 டன் என்று மதிப்பிடுகிறார்கள். இடைக்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது குடைந்து எடுத்துவிட்டார்கள். 1349 நிலநடுக்கத்தில் தென்புறம் சரிந்ததும், விழுந்த கற்கள் நகரின் அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் போயின. பாதி கொலோசியம் இன்று ஊருக்குள் வேறு பெயர்களில் நிற்கிறது.

ஃபோரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் நின்று பார்த்தால் போதும். மற்றவை பெரும்பாலும் அடித்தளங்கள், வெயிலில் அலைந்து களைப்பதுதான் மிச்சம். முதலாவது, அந்தோனினஸ், ஃபௌஸ்தினா கோயில். வியா தெய் ஃபோரி இம்பீரியாலி பக்க நுழைவாயிலிலிருந்து இறங்கியதும் எதிரே, 17 மீட்டர் உயரத் தூண்கள். தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் உட்கார்ந்திருக்கும். அதன் பச்சைக் கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: உங்கள் தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல், அந்தரத்தில். கதவைத் தவறாக வைக்கவில்லை. 1602இல் அந்த முகப்பைக் கட்டியபோது தெருவின் மட்டம் அங்கே இருந்தது. டைபர் ஆற்று வெள்ளம் விட்டுப்போன வண்டலும், இடிந்ததை அள்ளாமல் மேலேயே கட்டியதும் சேர்ந்து ஃபோரத்தை மூடிவிட்டன. மேலே மாடு மேய்ந்தது. தொல்லியலாளர்கள் மண்ணை எடுத்தபோது கதவு மட்டும் பழைய மட்டத்திலேயே தங்கிவிட்டது. தூண்களின் உச்சியருகே சாய்வாகச் சில வெட்டுத் தடங்கள் தெரியும். கயிறு கட்டித் தூண்களைச் சாய்க்கப் பார்த்ததன் அடையாளம் அது என்கிறார்கள். தூண்கள் மசியவில்லை.

இரண்டாவது, செங்கல் மண்டபமாக நிற்கும் செனட் கூடம். காலையில் லாத்தரனில் பார்த்த கதவுகள் இங்கே இருந்தவை, இப்போது மாட்டியிருப்பவை நகல். 7ஆம் நூற்றாண்டில் இது தேவாலயமாக மாறியதால்தான் கட்டடம் தப்பியது. ரோமில் முழுசாக நிற்கும் எந்தப் பழைய கட்டடத்தையும் விசாரித்தால் பெரும்பாலும் இதே பதில் வரும்.

நமக்கென்று ஓர் இடமும் இங்கே உண்டு. மூன்று பிரமாண்ட வளைவுகளோடு நிற்கும் மாக்சென்தியஸ் மண்டபத்துக்கு அடியில்தான் பேரரசர் தொமீஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. யவனர் பொன்னோடு வந்து கறியோடு (அதாவது மிளகோடு) போன முசிறித் துறையை அகநானூறு பாடுகிறது. அப்படிப் போன மிளகு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று இந்தத் தெரு. அந்த மிளகின் மதிப்பு எவ்வளவு தெரியுமா? கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் படைத்தலைவர் அலாரிக், ஊரை விட்டுவைக்கக் கேட்ட மீட்புப் பொருளில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் சேர்த்தி.

இரண்டாம் நாள்: பாந்தியனைச் சுற்றி

மொத்தம் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் நடைதான். ஆனால் வரிசை முக்கியம். காலை ஏழு மணிக்கு திரேவி நீரூற்றில் இருங்கள். பத்து மணிக்குப் போனால் மக்களின் பின்னந்தலையைத்தான் பார்க்க முடியும், குளத்தோரம் இறங்கவும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. நீரூற்று முடிந்தது 1762இல். அதற்கு வரும் தண்ணீர்வழி கி.மு. 19இல் பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா அமைத்தது. பெரும்பகுதி நிலத்தடியில் ஓடியதால், மற்றக் கால்வாய்கள் அழிந்தபோதும் இது தப்பியது. நாணயம் எறியலாம், அது ஏழைகளுக்கான கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குப் போகிறது. எடுத்தால் குற்றம், தண்ணீரில் கால் வைத்தால் அபராதம். அருகிலுள்ள ஸ்பானியப் படிக்கட்டிலும் உட்காரக் கூடாது: 2019 முதல் தடை, அபராதம் 400 யூரோ வரை போகும். நீரூற்றுக்குப் பக்கத்திலேயே, ஒரு சினிமா தியேட்டரைப் புதுப்பிக்கத் தோண்டியபோது வெளிவந்த ரோமானிய வீடுகளும் தொட்டிகளும் விக்கஸ் காப்ராரியுஸ் என்ற பெயரில் திறந்திருக்கின்றன. அந்தப் பழைய நீர் இன்றும் அங்கே தேங்குகிறது. சிறிய இடம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்கு சான்த் இன்யாத்சியோ ஆலயம். தரையில் பதித்த மஞ்சள் பளிங்கு வட்டத்தில் நின்று பீடத்தின் பக்கம் அண்ணாந்து பார்த்தால் பெரிய குவிமாடம் தெரியும். நாலடி முன்னே போங்கள், குவிமாடம் கோணிக்கொண்டு சரியும். குவிமாடமே அங்கே இல்லை. 1685இல் ஆந்திரேயா போத்சோ என்ற சேசு சபைத் துறவி 17 மீட்டர் அகலத் துணியில் தீட்டியது அது. உள்ளே நீண்ட வரிசை நின்றால் அது கூரையைக் கண்ணாடியில் படமெடுப்பவர்களின் வரிசை. ஓவியத்தைப் பார்க்க நீங்கள் அதில் நிற்கத் தேவையில்லை.

அடுத்து சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலயம். யானை சுமக்கும் சிறு ஒபெலிஸ்க்கை எல்லோரும் படமெடுப்பார்கள், நீங்கள் முகப்பின் வலது ஓரத்துக்குப் போங்கள். சுவரில் சிறுசிறு கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளம் எந்த உயரம்வரை வந்தது என்ற அடையாளம். 1598ஆம் ஆண்டுக் கல் ஆள் உயரத்தைத் தாண்டி மேலே இருக்கும். 1870 வெள்ளத்துக்குப் பிறகுதான் டைபருக்கு இன்றுள்ள உயரமான கரைச்சுவர்களை எழுப்பினார்கள். நேற்று ஃபோரத்துக் கதவுக்குக் கீழே கேட்ட கேள்விக்கு இந்தச் சுவரில் ஆண்டு வாரியாகப் பதில் இருக்கிறது.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் இரண்டு நிமிட நடை. 2023 ஜூலையில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. முகப்பில் அக்ரிப்பா கட்டியதாக எழுதியிருந்தாலும், இப்போது நிற்பது பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். பழைய கோயிலின் வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சிவரை உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை இதைவிடப் பெரியது இல்லை. எப்படி நிற்கிறது? கீழ்ப்பகுதியில் ஆறு மீட்டருக்கு மேல் தடிப்பும் கனமான கல்லும். மேலே போகப் போக மெலிந்து, திறப்பின் ஓரத்தில் சுமார் 1.2 மீட்டர் தடிப்பு, அங்கே கலந்தது தண்ணீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல். உச்சித் துளை வழியாக மழை உள்ளே விழாது, வெப்பக் காற்று தடுத்துவிடும் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், நன்றாகவே விழும். அதற்காகத்தான் தரையை நடுவில் லேசாக மேடாக்கி 22 வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். மழை நாளில் ரோமில் இருந்தால் வருத்தப்படாமல் இங்கே வாருங்கள்.

வெளித்தாழ்வாரத்தின் கூரை வெற்று மரமாக இருப்பதைக் கவனியுங்கள். அங்கிருந்த வெண்கலத்தை 17ஆம் நூற்றாண்டில் பார்பெரீனி குடும்பத்துப் போப் எட்டாம் உர்பன் எடுத்துப் பெரும்பகுதியைப் பீரங்கியாக வார்த்தார். காட்டுமிராண்டிகள் செய்யாததை பார்பெரீனிகள் செய்தார்கள் என்று ஊர் ஏசியது. அப்படி ஏசுவதற்கென்றே ஒரு சிலை இருக்கிறது: நவோனா சதுக்கத்தின் தென்மேற்கு மூலைக்கு அப்பால், மூக்கும் கையும் போன பாஸ்குவினோ. 1501இல் நிறுவிய நாள் தொட்டு ஆட்சியாளர்களைக் கிண்டல் செய்யும் சீட்டுகளை அதில் ஒட்டுகிறார்கள், இன்றும் ஒட்டியிருக்கும். நவோனா ஏன் நீண்டு, ஒரு முனையில் வளைந்திருக்கிறது என்றால், அது தொமீஷியனின் ஓட்டப்பந்தய அரங்கம். பார்வையாளர் படிகளின் மேல்தான் சுற்றியுள்ள வீடுகள் நிற்கின்றன. வடமுனைக்கு வெளியே தோர் சங்குவீன்யா சதுக்கத்தில் எட்டிப் பார்த்தால், தெருவுக்குக் கீழே பழைய வளைவு வாயில் தெரியும்.

கம்போ தெ ஃபியோரி சந்தைக்குப் பின்னால் வியா தி க்ரோத்தா பின்தா என்ற குட்டித் தெரு அரைவட்டமாக வளையும். கி.மு. 55இல் பொம்பே என்ற படைத்தலைவர் கட்டிய நாடக அரங்கின் உள்வளைவு அது. சீசர் கொலையுண்டது ஃபோரத்தில் என்ற எண்ணமும் பரவலானது. அன்று செனட் கூடியது இந்த அரங்கோடு சேர்ந்த மண்டபத்தில். அதன் மிச்சம் லார்கோ அர்ஜென்தீனா சதுக்கத்தின் தொல்லியல் குழிக்குள், வட்டக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. 2023 முதல் டிக்கெட்டோடு கீழே நடக்கலாம், மேலிருந்து பார்க்கப் பணம் இல்லை. பூனைகள் இருக்கும், அவற்றுக்கு அங்கே காப்பகமே உண்டு.

மாலை: உடைந்த ஜாடிகளின் குன்று

மெட்ரோ பி தடத்தில் கொலோசியோவிலிருந்து இரண்டாவது நிறுத்தம் பிராமிதே. வெளியே வந்ததும் 36 மீட்டர் உயர பிரமிடு, எகிப்தியருடையது அல்ல, கி.மு. 1ஆம் நூற்றாண்டில் செத்த கேயஸ் செஸ்தியஸ் என்ற ரோமானியரின் கல்லறை. பத்து நிமிடம் நடந்தால் தெஸ்தாச்சியோ குன்று. 35 மீட்டர் உயரம், சுற்றளவு ஒரு கிலோமீட்டர், புல் முளைத்திருக்கும், ஆனால் மண் குன்று இல்லை. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த மண்ஜாடிகளை உடைத்து அடுக்கியது, சுமார் 5.3 கோடி ஜாடிகள் என்று கணக்கிடுகிறார்கள். எண்ணெய் ஊறிய ஜாடி நாறும், மறுபடி எதற்கும் உதவாது. அதனால் உடைத்து, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவி, ஒழுங்காக அடுக்கினார்கள். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிய ஊரில் யாரும் தொடாமல் விட்ட சரக்கு இது ஒன்றுதான். குன்றின் மேல் ஏற முன்பதிவு வேண்டும். அடிவாரத்தைக் குடைந்த சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். மேசை கேட்கும்போதே அந்தச் சுவரோரம் கேளுங்கள்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. ரோமின் புகழ்பெற்ற நான்கு பாஸ்தாக்களில் கார்போனாரா, அமத்ரிச்சானா, க்ரிச்சா மூன்றிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. காச்சோ எ பேப்பே மட்டும் பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்ந்தது. ஆனால் அதற்குப் போடும் பெக்கோரினோ ரோமானோவை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. கறாரான சைவர்கள் பீட்சா மரினாரா கேட்கலாம்: தக்காளி, பூண்டு, எண்ணெய், பாலாடைக்கட்டியே கிடையாது. யூத முறையில் முழுசாகப் பொரித்த ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டும் சைவம்தான். சுப்ளி என்ற பொரித்த சோற்றுருண்டையில் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். வெட்டி விற்கும் பீட்சாவின் விலைப்பலகையில் பல கடைகளில் 100 கிராமுக்கான விலை இருக்கும். துண்டு விலை என்று நினைத்து மூன்று துண்டு கேட்டால் கணக்கு எகிறும், எவ்வளவு நீளம் வேண்டும் என்று கையால் காட்டுங்கள். காபியை மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

இரவுச் சமையல் ஏழரைக்கு முன் பெரும்பாலும் தொடங்காது. மெட்ரோ இரவு 11.30க்கு நின்றுவிடும், வெள்ளியும் சனியும் மட்டும் 1.30 வரை ஓடும். அதற்குத் தகுந்தபடி மேசைக்குச் சொல்லிவையுங்கள்.